தீவனத்தை அளக்கும் நுண்ணுயிர்



உக்கடத்தில் நான் குடியிருக்கும் தெருவிலிருந்து மீன் சந்தை வெகு தூரமில்லை. அதன் மணத்தைப் பற்றிப் பேச வரவில்லை. மீனை உலர்த்தி அரைத்த தூளும் கடலைப் பிண்ணாக்கும் மக்காச்சோளமும் கோழித் தீவனத்தில் சேர்பவை. நாமக்கல்லிலும் பல்லடத்திலும் கோழி வளர்ப்போரின் செலவில் பெரும்பகுதி தீவனத்துக்கே போகிறது. கொடுத்த பணத்துக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்கள் அறிவது எப்படி?

நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கினால் புரதத்தின் அளவு கிடைக்கும் என்பர். அவ்வாறு நைட்ரஜனை அளக்கும் முறையை 1883-இல் வகுத்தவர் டென்மார்க் நாட்டுக் கெல்டால். நல்ல முறைதான், ஆயினும் சற்று ஏமாளி. யூரியாவைக் கலந்தால் அதையும் புரதமென்றே கணக்கெழுதும். மேலும், கடலைப் பிண்ணாக்கில் புரதம் மிகுதி. ஆனால் லைசின், மெத்தியோனின் என்னும் அமினோ அமிலங்கள் குறைவு. கோழி அவற்றைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. காங்கேயம் காளைக்கு இக்கவலை அவ்வளவாக இல்லை. அதன் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்களே ஆக்கித் தருகின்றன.

நம் வீட்டு இட்லி மாவைப் பொங்க வைக்கும் நுண்ணுயிர்களுள் முதன்மையானது லியூகோநாஸ்டாக் மெசன்டராய்டிஸ். அவ்வினத்தின் ஒரு வகைக்கும் கோழியைப் போலவே லைசின் வெளியிலிருந்து வர வேண்டும். தறியை நினைத்துக்கொள்ளுங்கள். பாவு எவ்வளவு நீளமாயினும் ஊடை நூல் தீர்ந்த இடத்தில் துணி நின்றுவிடும். துணியை அளந்தால் ஊடை எவ்வளவு இருந்தது என்று சொல்லிவிடலாம் அன்றோ?

சோதனைக் குழாய்களில் லைசின் தவிர மற்றெல்லா உணவையும் இடுவார்கள். சிலவற்றில் அளவறிந்த லைசினைச் சேர்ப்பார்கள்; மற்றவற்றில் அமிலத்தில் கொதிக்க வைத்துக் கரைத்துப் பின் நடுநிலையாக்கிய தீவனச் சாற்றை விடுவார்கள். பிறகு நுண்ணுயிரைத் தூவிச் சூடு மாறாத பெட்டியில் வைப்பார்கள். குழாய் எவ்வளவு கலங்கியது, எவ்வளவு புளித்தது என்று ஒப்பிட்டால் கணக்கு முடிந்தது. 1939-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஸ்னெல், ஸ்ட்ராங் என்னும் இருவர் ரைபோஃபிளேவின் என்ற வைட்டமினை இவ்வழியில் அளந்தனர்; அமினோ அமிலங்கள் பின்னர் வந்தன.

1958-இல் ஸ்பேக்மன், ஸ்டைன், மூர் ஆகியோர் அமினோ அமிலங்களைப் பிரித்தளக்கும் தானியங்கிக் கருவியை அமைத்தபின் நுண்ணுயிரின் மதிப்புக் குறைந்தது. எனினும் கருவிக்கு ஒரு சங்கடம் உண்டு. மிகையாகச் சூடேறிய தீவனத்தில் லைசின் சர்க்கரையோடு பிணைந்துவிடுகிறது. கோழியால் அதைப் பிரித்தெடுக்க முடியாது. கொதிக்கும் அமிலமோ ஒரு பகுதியைப் பிரித்துக் கணக்கில் சேர்த்துவிடும். அமிலத்துக்குப் பதிலாகச் செரிமான நொதியால் தீவனத்தைக் கரைத்து நுண்ணுயிருக்கு ஊட்டினால், கோழிக்குக் கிட்டக்கூடிய லைசினுக்கு நெருங்கிய அளவு தெரியும்.

ஒரு செய்தி மட்டும். குழாய்களைப் படு சுத்தமாகக் கழுவ வேண்டும். விரல் வியர்வையிலும் அமினோ அமிலங்கள் உண்டு. நுண்ணுயிர் அதையும் விடாது.