சரிவில் நிற்கும் கணினி: விளிம்புக் கணிமையும் மலையக மண்சரிவு எச்சரிக்கையும்

ஒரு கருவி திரட்டும் தரவைத் தொலைவிலுள்ள தரவு மையத்துக்கு அனுப்பி, அங்கிருந்து விடை வரும்வரை காத்திராமல், தரவு பிறக்கும் இடத்திலோ அதற்கு மிக அருகிலோ கணித்து முடிவெடுக்கும் முறையே விளிம்புக் கணிமை. கண்காணிப்புக் கமராவும் ஆலை இயந்திரமும் மழைமானியும் இணையத்தோடு பிணைக்கப்பட்டுவரும் காலத்தில் இம்முறையின் தேவை பெருகியிருக்கிறது. நகரங்களில் இதனால் வேகம் கூடுகிறது, செலவு குறைகிறது. இலங்கை மலையகத்தின் வலப்பனை போன்ற பிரதேசத்தில் இதன் முதன்மைப் பயன் வேறு: வெளியுலகத் தொடர்பு அறுந்த இரவிலும் கருவி தன் வேலையை நிறுத்தாது.

இதன் வேர் 1998இல் தொடங்கப்பட்ட அகமாய் நிறுவனத்தின் பணியில் உள்ளது. இணையப் பக்கங்களின் படிகளைப் பயனருக்கு அருகிலுள்ள சேவையகங்களில் வைத்து வழங்கியது அந்நிறுவனம். அப்போது அருகே வந்தது தரவு மட்டுமே. கணிப்பையும் அருகே கொண்டுவர வேண்டும் என்ற வாதத்தை 2009இல் தெளிவாக முன்வைத்தவர்களில் முதன்மையானவர் சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான மகாதேவ் சத்தியநாராயணன். தொலைவிலுள்ள மேகக் கணினிக்குப் பதில், கைக்கெட்டும் தூரத்தில் சிறு ‘கிளவுட்லெட்’டுகளை நிறுவலாம் என்றது அவரும் பிறரும் எழுதிய கட்டுரை.

இலங்கையின் மண்சரிவு அபாயத்தைக் கணித்து எச்சரிக்கும் பொறுப்பு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துடையது. அதன் மழை அளவுகோல் எளிமையானது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு நிலை. 100 மில்லிமீற்றரானால் வெளியேற ஆயத்தம். 150 மில்லிமீற்றரை எட்டினாலோ ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலோ வெளியேற்றம். மழைமானிக்குள் இருக்கும் சிறு வாளி நிறைந்து கவிழும் ஒவ்வொரு தடவையும் ஒரு மின்துடிப்பு பதிவாகும். ஒரு கவிழ்வு 0.2 மில்லிமீற்றர் என்றால் 150 மில்லிமீற்றருக்கு 750 கவிழ்வுகள். இதை எண்ணி, கடந்த 24 மணி நேரக் கணக்கை வைத்துக்கொள்ள மிக மலிவான நுண்கட்டுப்படுத்தி போதும். ஆகவே அந்தக் கணக்கு கொழும்பிலுள்ள சேவையகத்தில்தான் நடக்க வேண்டும் என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவுமில்லை.

மழை அளவு மட்டும் போதாது என்பதும் உண்மை. சரிவில் இறங்கும் நீர் மண்ணின் துளைகளில் நிறைந்து அழுத்தம் கொடுக்கும்போது, மண் துகள்களுக்கிடையிலான பிடிமானம் தளர்கிறது. தேயிலை மலையில் வெட்டப்பட்ட கான்கள் தூர்ந்து கிடந்தால் ஓட வேண்டிய நீரும் உள்ளேயே இறங்கும். இதனால் ஒரே மழையில் ஒரு மலை சரிய, பக்கத்து மலை அசையாமல் நிற்கலாம். அந்தந்தச் சரிவை அறிய நிலத்தடி நீரழுத்தமானியும் சாய்வுமானியும் அதிர்வை உணரும் ஜியோஃபோனும் வேண்டும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மூன்று திசைகளிலும் வினாடிக்கு 200 முறை, ஒவ்வோர் அளவுக்கும் இரண்டு பைட் வீதம் பதியும் ஒரு ஜியோஃபோன் வினாடிக்கு 9,600 பிட் தரவை உண்டாக்கும். ஒரு நாளில் அது பத்துக் கோடி பைட்டைத் தாண்டும். சிறு மின்கலத்தில் இயங்கி, கிலோமீற்றர் கணக்கில் எட்டக்கூடிய லோரா போன்ற வானொலி இணைப்பு, வழக்கமான அமைப்புகளில் வினாடிக்குச் சில நூறு முதல் சுமார் 5,000 பிட் வரையே சுமக்கும். ஒரே ஒரு கருவியின் மூலத்தரவுக்கே அந்த வழி போதாது. மேலும் ஒரு பிட்டை வானொலியில் அனுப்பச் செலவாகும் மின்சாரத்தில் நுண்கட்டுப்படுத்தி ஆயிரக்கணக்கான கட்டளைகளை நிறைவேற்றிவிடும். மழைக்காலத்தில் நாட்கணக்கில் வெயிலைக் காணாத சூரியத் தகட்டை நம்பியிருக்கும் கருவிக்கு இந்த வேறுபாடு பெரிது.

எனவே கணிப்பு சரிவிலேயே நடக்கிறது. கடந்த ஓரிரு வினாடிகளின் அதிர்வுச் சராசரியை நீண்ட நேரச் சராசரியால் வகுத்து, விகிதம் திடீரென உயர்கிறதா என்று கருவி பார்க்கும். நில அதிர்வு ஆய்வாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் முறை இது. பாதையில் போகும் லொறியால் உயரும் விகிதத்தையும் பாறை நகர்வால் உயரும் விகிதத்தையும் பிரித்தறிய, அதிர்வெண்ணையும் நீடிப்பையும் சேர்த்துக் கணிக்க வேண்டும். முடிவாகச் சில பைட்டுகளே வெளியே போகும். மூலத்தரவு நினைவட்டையில் தங்கி, பின்னர் ஆய்வுக்கு உதவும்.

தேயிலை மலையில் இத்தகைய வலையமைப்பை நெடுநாள் இயக்கிக் காட்டிய இடம் கேரளத்தின் மூணாறு. அமிர்தா பல்கலைக்கழகம் மணீஷா வி. ரமேஷ் தலைமையில் அங்குள்ள அந்தோனியார் காலனியில் கம்பியில்லா உணரி வலையமைப்பை நிறுவியது. 2009 பருவமழையின்போது அது எச்சரிக்கையும் விடுத்தது. வறண்ட நாட்களில் உணரிகள் அரிதாக அளக்கும். மழையும் நீரழுத்தமும் வரம்பைத் தாண்டும்போது அடிக்கடி அளக்கும். சரிவுக்கு அருகிலுள்ள கள நிலையத்தில் தரவு சேர்ந்து, அங்கிருந்து செய்மதி வழியாகப் பல்கலைக்கழகத்துக்குப் போகும்.

அதே மூணாறு மலைகளில், 2020 ஆகஸ்ட் 6 இரவு, பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் மாண்டனர். பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டக் கயத்தாறுப் பகுதியிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். மின்சாரமும் தொலைபேசியும் முன்பே அறுந்திருந்ததால் செய்தி வெளியே எட்டியது மறுநாள் காலையில்தான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இலங்கை மலையகத்தைத் தாக்கியபோதும் பல இடங்களில் மின்சாரமும் தொடர்பும் நின்றன. மலையைச் சரிக்கும் மழையே கம்பத்தையும் கோபுரத்தையும் சாய்க்கிறது. எச்சரிக்கை மையத்தோடு இணைப்பு இருந்தால்தான் ஒலிக்கும் சைரன், மிகவும் தேவையான நேரத்தில் ஊமையாகிவிடும் அபாயம் இதனால் எழுகிறது.

ஆயினும் விளிம்பிலுள்ள கருவி தன் சரிவை மட்டுமே அறியும். அந்தோனியார் காலனியின் உணரிகளால் பெட்டிமுடியைக் காக்க முடியாது. வரப்போகும் மழையைச் சொல்வது வளிமண்டலவியல் திணைக்களம். எந்த மலை ஆபத்தானது என்பதைக் காட்டுவது அபாய வரைபடம். பொருத்தமான பகிர்வு இதுவே: விழிப்பு, ஆயத்தம் என்ற முதல் இரண்டு நிலைகளையும் மையம் அறிவிக்கட்டும், வெளியேற்றச் சைரனை ஒலிக்கச் செய்யும் அதிகாரம், இணைப்பு அறுந்த வேளையிலாவது, சரிவிலுள்ள கருவிக்கு முன்கூட்டியே வழங்கப்படட்டும். பொய் எச்சரிக்கையைக் குறைக்க, அருகருகே உள்ள குறைந்தது இரண்டு உணரி முனைகள் ஒத்துப்போன பிறகே சைரன் ஒலிக்கும்படி அமைக்கலாம். முனைகள் தமக்குள் வானொலியில் பேசிக்கொள்ள இணையம் வேண்டியதில்லை.

2007 ஜனவரிப் பெருமழையில் வலப்பனை, ஹங்குரான்கெத்த பிரதேசங்களில் மண்சரிவுகள் உயிர்களைப் பறித்தன. கிழக்கு நோக்கிய இச்சரிவுகளில் வடகீழ்ப் பருவமழைக் காலமே கடுமையானது. அதற்கு முன்பே மின்கலங்களையும் மானிகளின் வாய்களையும் சோதித்துத் துப்புரவாக்க வேண்டும். இலை விழுந்து வாய் அடைந்த மழைமானி, எத்தனை மழையிலும் பூச்சியத்தையே காட்டும். தோட்டத்து இளைஞர்களுக்குப் பயிற்சியும் ஊதியமும் கொடுத்து இப்பணியை ஒப்படைப்பது, ஒவ்வொரு பழுதுக்கும் கொழும்பிலிருந்து ஆள் வரக் காத்திருப்பதைவிடச் சிறந்தது. சைரனோடு ஒலிக்கும் குரல் அறிவிப்பு தமிழிலும் சிங்களத்திலும் பதிவாகியிருக்க வேண்டும்.

எச்சரிக்கை மட்டும் போதாது. 2014 அக்டோபர் 29 அன்று சரிந்த கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்துக்கு 2005இலும் 2011இலும் அபாய எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. மாற்று இடத்தில் காணியும் வீடும் கிடைக்காததால் மக்கள் அதே லயங்களில் இருந்தார்கள். சைரன் தரக்கூடியது சில நிமிடங்கள் அல்லது சில மணி நேரம். அந்த நேரத்துக்குள் முதியவரும் குழந்தைகளும் நடந்து எட்டக்கூடிய, சரியாத நிலத்திலுள்ள பாடசாலையோ கோயில் மண்டபமோ ஒவ்வொரு டிவிஷனுக்கும் முன்பே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். உணரியை எங்கே நடுவது என்று வரைபடத்தில் புள்ளியிடும்போதே அந்தப் புகலிடத்தையும் குறிப்பது திட்டமிடுவோரின் கடமை.