நீர்க்கடுப்பும் அரிப்பும்: எல்லாமே ‘சூடு’ அல்ல



மருத்துவக் கையேடுகளைத் தமிழில் மொழிபெயர்ப்பது என் வேலை. அதில் எனக்கு அதிகம் தலைவலி கொடுத்த சொல் ‘சூடு’. சிறுநீர் கழிக்கும்போது எரிந்தால் சூடு. பிறப்புறுப்பில் அரித்தால் சூடு. வெள்ளைப்பட்டாலும் சூடு. நம் வீடுகளில் இவை எல்லாவற்றுக்கும் வைத்தியமும் ஒன்றுதான்: பார்லித் தண்ணீர், இளநீர், ஊறவைத்த வெந்தயம். பலதுறை மருந்தகத்துக்குப் போய் “உடம்பு சூடு, டாக்டர்” என்றால், அவர் காய்ச்சல் என்று நினைத்து வெப்பமானியைத்தான் எடுப்பார்.

இந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றைக் குணப்படுத்தாது. சில வேளைகளில் அதை மோசமாக்கிவிடும்.

முதலாவது, சிறுநீர்ப் பாதைத் தொற்று. இது பாக்டீரியாவால் வருவது, பெரும்பாலும் இ.கோலை என்னும் பாக்டீரியா. அது நம் குடலில் இருக்கும்வரை தொல்லையில்லை. அங்கிருந்து சிறுநீர்த் துவாரத்துக்கு வந்து, சிறுநீர்ப்பைக்கு ஏறும்போதுதான் சிக்கல். பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் நீளம்தான். ஆண்களுக்கு ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். அதனால்தான் இது பெண்களுக்கு அதிகம் வருகிறது. “சுத்தமாக இருந்தால் வருமா?” என்று யாராவது கேட்டால், இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

இரண்டாவது, பூஞ்சைத் தொற்று. கேண்டிடா என்னும் பூஞ்சை பல பெண்களின் பிறப்புறுப்பில் சிறிதளவு இயல்பாகவே இருக்கும். அங்குள்ள நல்ல பாக்டீரியாக்கள் அதை அடக்கி வைத்திருக்கின்றன. அந்தச் சமநிலை குலையும்போது பூஞ்சை பெருகி, அரிப்பும் சிவப்பும் வரும். தயிர் திரிந்தாற்போல் கெட்டியான வெள்ளைப்படுதலும் இருக்கலாம். மீன் வாடை போன்ற நாற்றம் இருந்தால் அது பூஞ்சையாக இல்லாமல் வேறு தொற்றாக இருக்கக்கூடும்; மருத்துவரிடம் காட்டுங்கள்.

எல்லா வெள்ளைப்படுதலும் நோயல்ல. மாதவிடாய்ச் சுழற்சியின் நடுவில் வழவழப்பாக, நிறமில்லாமல் வருவது இயல்பு. எலும்பு உருகி வருகிறது என்று பாட்டிமார் சொல்வதைக் கேட்டு எத்தனையோ பெண்கள் பயந்திருக்கிறார்கள். அப்படி எதுவும் உருகுவதில்லை.

சிறுநீர் எரிகிறது என்றால், எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? எரிச்சல் உள்ளேயா, வெளியேயா என்று கவனியுங்கள். உள்ளே எரிந்து, அடிக்கடி போகவேண்டும் போலிருந்து, போனால் சில சொட்டுகளே வந்தால், சிறுநீர்ப் பாதைத் தொற்றாக இருக்கலாம். புண்பட்ட தோலில் சிறுநீர் படும்போது மட்டும் வெளியே எரிந்து, அரிப்பும் இருந்தால், பூஞ்சையாக இருக்கலாம். இது ஒரு தடயம்தான், முடிவு அல்ல.

ஆபத்து எங்கே வருகிறதென்றால், கணவரின் தொண்டை வலிக்கு வாங்கி மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக் மாத்திரையை எடுத்து விழுங்கும்போது. அது பூஞ்சையைத் தொடாது. அதை அடக்கி வைத்திருக்கும் நல்ல பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். அரிப்பு இன்னும் கூடும். மாறாக, பாக்டீரியாத் தொற்றுக்குப் பூஞ்சைக் களிம்பு பூசிக்கொண்டு காத்திருந்தால், தொற்று சிறுநீரகம்வரை ஏறக்கூடும். காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாப்பக்கம் அல்லது முதுகு வலி, வாந்தி இருந்தால் அன்றே மருத்துவரை நாடுங்கள். கர்ப்பிணிகள் லேசான எரிச்சலுக்கும் காத்திருக்க வேண்டாம். சிறுநீரில் இரத்தம் தெரிந்தாலும் அப்படியே. ஆண்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் சிறுநீர்ப் பாதைத் தொற்று வந்தால் பரிசோதனை அவசியம்.

சரி, பார்லித் தண்ணீர்? தாராளமாகக் குடியுங்கள், சர்க்கரையை மட்டும் குறைத்துக்கொண்டு. அது மருந்தல்ல, ஆனால் தண்ணீர்தானே! 2018ல் வெளிவந்த ஓர் ஆய்வில், அடிக்கடி இந்தத் தொற்று வந்த, குறைவாகத் தண்ணீர் குடிக்கும் பழக்கமுள்ள 140 பெண்கள் கலந்துகொண்டனர். தினமும் கூடுதலாக 1.5 லிட்டர் தண்ணீர் குடித்தவர்களுக்கு ஓராண்டில் தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இதய அல்லது சிறுநீரக நோய்க்காகத் தண்ணீரை அளவோடு குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

ஆனால் நம்மில் பலர் செய்வது இதற்கு நேர்மாறானது. வகுப்பை விட்டு நகர முடியாத ஆசிரியை, பேருந்து ஓட்டுநர், பாதுகாவல் பணியில் இருப்பவர், தைப்பூசத்தன்று பால்குடத்தோடு சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை நடப்பவர் என்று பலரும், கழிவறைக்குப் போக வேண்டிவருமே என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள், வந்ததையும் அடக்கிக்கொள்கிறார்கள். இரண்டுமே வேண்டாம்.

ஆங்கிலக் கையேடுகள் “முன்னிருந்து பின்னாகத் துடையுங்கள்” என்கின்றன. நாம் கழுவுகிறவர்கள். தண்ணீரும் முன்னிருந்து பின்னாகவே போகட்டும். பிறகு ஈரத்தை ஒற்றி எடுங்கள். உள்ளே கழுவ வேண்டாம். கிருமிநாசினி கலந்த நீரும் வாசனைச் சோப்பும் நல்ல பாக்டீரியாக்களைத்தான் கெடுக்கும். நம் ஊர்ப் புழுக்கத்துக்குப் பருத்தி உள்ளாடையே நல்லது. தாம்பத்திய உறவுக்குப் பிறகு சிறுநீர் கழித்துவிடுங்கள். இவ்விரண்டும் பால்வினை நோய்களாகக் கருதப்படுவதில்லை. கணவன் மனைவி ஒருவரையொருவர் சந்தேகிக்க வேண்டியதில்லை.

பூஞ்சைத் தொற்று மீண்டும் மீண்டும் வந்தால் இரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். எம்பாகிலிஃப்ளோசின், டாபாகிலிஃப்ளோசின் போன்ற நீரிழிவு மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவதால் பூஞ்சைக்குத் தீனி கிடைக்கிறது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மருந்தகத்தில் என்ன சொல்வது? மகனையோ மருமகளையோ மொழிபெயர்க்க அழைத்துப்போய், கூச்சத்தில் “வயிற்று வலி” என்று சொல்லி, வயிற்று மருந்தோடு திரும்புகிறவர்கள் உண்டு. தமிழ் பேசும் தாதியோ பெண் மருத்துவரோ இருக்கிறார்களா என்று பதிவிடத்தில் கேட்கலாம். இல்லையென்றால், எங்கே எரிகிறது, அரிப்பு உண்டா, எத்தனை நாளாக, என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள், கர்ப்பமா, நீரிழிவு உண்டா ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். தமிழில் எழுதினால், வீட்டில் ஒருவரிடம் ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்லிக் கொண்டுபோங்கள்.

சிறுநீரைப் பரிசோதனைக்குக் கேட்டால், முதலில் வருவதைக் கழிவறையில் விட்டுவிட்டு, நடுவில் வருவதை மட்டும் குப்பியில் பிடியுங்கள். ஆன்டிபயாட்டிக் கொடுத்தால், இரண்டாம் நாளே எரிச்சல் நின்றாலும், சொன்ன நாள்வரை சாப்பிட்டு முடியுங்கள். அடுத்த முறைக்கென்று அலமாரியில் எதையும் மிச்சம் வைக்காதீர்கள்.