காலரைத் திருகினா போதுமா?

நேரா விஷயத்துக்கு வரேன்.

நண்பர் ஒருத்தர் தன்னோட ஹைலக்ஸ் முன்பக்கத்தை ரெண்டு இன்ச் தூக்க காய்லோவர் மாட்டினார். வண்டி மூணரை இன்ச் தூக்கி நிக்குது. ஸ்பீட் பிரேக்கர்ல இறங்கினா 'டங்'னு சத்தம். ஷாக் போச்சு, மாத்துங்கன்னு கடையில சொல்றாங்க.

மாத்தாதீங்க. முதல்ல ஸ்பிரிங் மேல இருக்கிற நம்பரைப் பாருங்க. வின்ச், இரும்பு பம்பர் போட்ட வண்டிக்கான ஸ்பிரிங்கை வெறும் வண்டில போட்டா, அது போதுமான அளவு அமுங்காது. சக்கரம் கீழ இறங்க இடமே இருக்காது. ஷாக் முழுசா நீண்டு முட்டுது, அதான் அந்த சத்தம். இப்படியே ஓட்டினா டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட்டும் சீக்கிரம் தேயும்.

காலரை இறக்கினா உயரம் குறையும். விறைப்பு குறையாது. ஸ்பிரிங் கம்பி 10% தடிச்சாலே விறைப்பு சுமார் 46% கூடும், நாலாம் அடுக்குக் கணக்கு (காலேஜ்ல படிச்சது ஒரு தடவையாவது உதவுதே!). கண்ணுக்குத் தெரியாது, வெர்னியர் வெச்சுதான் அளக்கணும்.

உயரத்தை சக்கர நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளங்க, அப்பதான் டயர் காத்து கணக்கைக் குழப்பாது.

ஒண்ணு மட்டும்: ஸ்பிரிங்கை வீட்டுல கழட்டாதீங்க. அமுக்கின ஸ்பிரிங் தெறிச்சா உயிருக்கே ஆபத்து. சரியானதை மாட்டின கையோட வீல் அலைன்மென்ட்டும் பண்ணிடுங்க.