பாத்திரம் எங்கே, ஐயா?

மதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே! வானத்தைத் திட்டித் தீர்த்துவிட்டுக் களைப்போடு அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே! பாலசமுத்திரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே!

'வறட்சிக்குப் பெரிதும் காரணம் வானமா, மனிதனா?' மனிதனே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் என்ன சொன்னார்? "2016-இல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைஞ்சுபோச்சு. 2017 ஜனவரியிலே எல்லா மாவட்டமும் வறட்சி மாவட்டம்னு அரசே அறிவிச்சது. மனுசன் என்னய்யா பண்ணுவான்?" கணக்கு சரிதான். பழனி மலை தென்மேற்குக் காற்றை மறிச்சுக்கிட்டு நிக்குது. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் நம்ம பொழைப்பு. அதுவும் ஏமாத்தினா வயிறு எரியத்தான் செய்யும்.

ஆனால் நடுவர் ஐயா, மழை பொய்ப்பது வேறு. மக்கள் மடிவது வேறு. 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் உங்களுக்குத் தெரியும். பசிபிக் கடல் சூடானதால் வந்த எல் நினோவே அன்று மழையைக் கெடுத்தது என்கிறது இன்றைய அறிவியல். அது இயற்கை. ஆனா, இங்கே லட்சக்கணக்கானோர் பட்டினியிலே செத்தப்போ, இந்தியாவிலேயிருந்து இங்கிலாந்துக்குக் கப்பல் கப்பலா தானியம் போச்சே! அதை வானமா மூட்டை கட்டி ஏத்துச்சு? (கைதட்டல்)

சரி, இப்போ பருவநிலை மாற்றத்துக்கு வருவோம். ஒரு வருஷம் மழை இல்லேன்னா உடனே அதுதான் காரணம்னு சொல்லிட முடியாது. ஆனா வந்த வறட்சியை அது கடுமையாக்கும். எப்படி? காற்று 1 டிகிரி சூடேறினால், சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். அந்த நீர் எங்கேயிருந்து வரும்? நம்ம குளத்திலேயிருந்து, மண்ணிலேயிருந்து, தென்னை ஓலையிலேயிருந்து உறிஞ்சும். கடன்காரன் மாதிரி சொட்டுச் சொட்டா வாங்கிட்டுப் போய், ஒருநாள் ராத்திரி மொத்தமா கொட்டும்! (சிரிப்பு)

"அந்தப் புகையை நாங்களா விட்டோம்?" என்று நண்பர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சராசரி அமெரிக்கர் ஆண்டுக்குச் சுமார் 14 டன் கரியமில வாயு விடுகிறார். நாம் சுமார் 2 டன். பெரிய குற்றவாளி வேறே ஊர்க்காரன். ஆனா அவனும் மனுசன்தானே ஐயா? என் கட்சிக்குத்தானே அது பலம்! (கைதட்டல்)

அவன் புகையை இங்கிருந்து நாம நிறுத்த முடியாது. கொட்டுற மழையைப் பிடிச்சு வைக்க முடியுமே! சென்னையைப் பாருங்க. 2015 டிசம்பரிலே படகு விட்டாங்க. 2019 ஜூனிலே, அதே சென்னையிலே ஏரிகள் வறண்டு குடத்தோட லாரிக்குப் பின்னாலே ஓடினாங்க. வானம் கொடுக்காமலா போச்சு? வாங்கி வைக்கப் பாத்திரம் எங்கே?

நம்ம முன்னோர் பெரிய ஏரிக்கே சமுத்திரம்னு பேர் வெச்சவங்க. தமிழ்நாட்டிலே சுமார் 39,000 ஏரி, குளங்கள் இருக்கு. எத்தனையிலே வண்டல்! எத்தனையிலே கட்டடம்! இங்கே பாலாறு பொருந்தலாறு அணை 65 அடி உயரம். அணை நிறைஞ்சா மட்டும் போதுமா? வாய்க்கால் அடைச்சிருந்தா குளத்துக்குத் தண்ணி எப்படி வரும்? குளம் நிறையலேன்னா பக்கத்துக் கிணறு எப்படி ஊறும்? அப்புறம் ஆயிரம் அடிக்கு ஆழ்குழாய் போட்டு, அதிலே புழுதி வந்தா, வானத்தைப் பார்த்து ஏசுறோம்!

அடுத்த மழை முன்போல நிதானமாக வராது. மொத்தமாக வரும், நீண்ட வெயிலை விட்டுவிட்டுப் போகும். அதற்குள் வரத்து வாய்க்காலைத் திறந்த ஊர் பிழைக்கும். திறக்காத ஊரிலே அஞ்சு வருஷம் பிள்ளை மாதிரி வளர்த்த தென்னையை விவசாயி தன் கையாலே வெட்டுவான்.

அந்தக் கோடரியை அவன் கையில் கொடுப்பது வானமல்ல, மனிதனே என்று கூறி அமர்கிறேன்.