பெருத்துப் போன மென்பொருளும் இளைத்துப் போன கம்ப்யூட்டர்களும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செயலாளர் என்னைக் கூப்பிட்டபோது, "ஏ.ஐ. பத்தி ஏதாவது பேசுப்பா, பசங்க கேப்பாங்க" என்றார். அதைவிடச் சாதாரணமான ஒன்றைப் பற்றிப் பேசுகிறேன் என்று அனுமதி வாங்கிக்கொண்டேன். காலையில் கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டு, காபி குடித்து, பேப்பரையும் மடித்து வைத்த பிறகும் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறதே, அதைப் பற்றி.

இன்றைக்கு இதைப் பேசக் காரணம் உண்டு. இரண்டாம் மாடி லேபில் இருக்கும் 40 கம்ப்யூட்டர்களும் பழசாகிவிட்டன, புதிது வாங்க நிதி திரட்ட வேண்டும் என்று ஒரு தீர்மானம் சங்கத்தின் முன் இருக்கிறது. நேற்று மாலை செருப்பை வாசலில் விட்டுவிட்டு (அந்த வழக்கம் இன்னும் மாறவில்லை, சந்தோஷம்) உள்ளே போய்ப் பார்த்தேன். 2016-இல் வாங்கியவை. ஆறாம் தலைமுறை ஐ-3 ப்ராசஸர், 4 ஜி.பி. நினைவகம். கீபோர்டு சில தேய்ந்திருக்கின்றன. மற்றபடி எல்லாமே ஓடுகின்றன. பிறகு எப்படிப் பழசாயின?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. காசு கட்டினால் பாதுகாப்புத் திருத்தங்கள் இன்னும் கொஞ்ச காலம் கிடைக்கும். கல்வி நிறுவனங்களுக்கு மலிவு விலையில் 2028 வரை வாய்ப்பு உண்டு. அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். ஆனால் விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய ப்ராசஸர்களில் ஏறக்குறைய எதுவுமே அதன் பட்டியலில் இல்லை. பாதுகாப்புக்காக என்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனாலும் நம் லேபில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் 40 மெஷின், எங்கேயோ தயாரான ஒரு பட்டியலால் பழசாகிவிட்டது.

ஒரு கணக்குச் சொல்கிறேன். 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்தபோது அது கேட்டது ஒரு 386 ப்ராசஸர், 4 எம்.பி. நினைவகம், ஹார்ட் டிஸ்கில் சுமார் 50 எம்.பி. இடம். 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11 கேட்பது குறைந்தபட்சம் 4 ஜி.பி. நினைவகம், 64 ஜி.பி. இடம். நினைவகம் மட்டும் ஆயிரம் மடங்கு. அலுவலகத்தில் லெட்டர் அடிப்பவர் இன்றும் அதே லெட்டரைத்தான் அடிக்கிறார்.

இந்த ஆயிரம் மடங்கும் வீண் என்று சொல்ல மாட்டேன். விண்டோஸ் 95-இல் தமிழ் கிடையாது. ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தோம். ஒரு கம்ப்யூட்டரில் அடித்த கடிதம் இன்னொன்றில் பூச்சி பூச்சியாகத் தெரியும். அந்தக் காலத்து மலர்களைத் தொகுத்த பேராசிரியர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். விண்டோஸ் 2000-இல்தான் லதா எழுத்துருவோடு யூனிகோடு தமிழ் வந்தது. அதற்காக ஏறிய எடையை நான் குறை சொன்னால் நன்றி கெட்டவன். ஆனால் ஸ்டார்ட் மெனுவில் விளம்பரம்? 2024-இல் அதுவும் வந்தது. அதே ஆண்டில், சின்னதாக, ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த வேர்ட்பேடை எடுத்துவிட்டார்கள். நான்கு வரி குறிப்பு எழுதும் நோட்பேடுக்குள் ஏ.ஐ.யைக் கொண்டுவந்து வைத்தார்கள். இதையெல்லாம் யார் கேட்டார்கள்?

பாஸ்கல் மொழியை உருவாக்கிய நிக்லாஸ் விர்த் 1995-லேயே, மென்பொருள் இளைக்க வேண்டும் என்று ஐ.இ.இ.இ.யின் 'கம்ப்யூட்டர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். வன்பொருள் வேகம் பிடிப்பதைக் காட்டிலும் விரைவாக மென்பொருள் மந்தமாகிறது என்பது அதில் வரும் கருத்து. அவர் அதை மார்ட்டின் ரைசர் சொன்னதாகத்தான் எழுதினார். உலகம் விர்த் விதி என்று பெயர் வைத்துவிட்டது. மனிதர் புலம்பியதோடு நிற்கவில்லை. குட்க்னெக்ட் என்பவரோடு சேர்ந்து ஓபரான் என்று ஒரு முழு இயக்க அமைப்பையே சிறியதாக எழுதிக் காட்டினார். 2024 ஜனவரி 1 அன்று காலமானார்.

பெரிய கம்பெனிகளைத் திட்டுவது சுலபம். என் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் குழு மருந்துக் கடைகளுக்கு ஒரு பில் போடும் மென்பொருள் செய்தது. எலக்ட்ரான் என்ற சட்டகத்தில் எழுதினோம். அதில் எழுதினால் ஒவ்வொரு மென்பொருளுக்குள்ளும் குரோமியம் பிரவுசர் ஒன்று முழுசாக உட்கார்ந்திருக்கும். எங்களுக்கு வேலை சீக்கிரம் முடியும். எடையைக் கடைக்காரர் சுமப்பார். எங்கள் மேஜையில் இருந்தவை 32 ஜி.பி. மெஷின்கள். அதில் பறந்தது.

ஒரு சின்ன ஊர்க் கடையிலிருந்து புகார் வந்துகொண்டே இருந்ததால் நேரில் போனேன். பெரியவர் ஒருவர் கல்லாவில் இருந்தார். எதிரே கம்ப்யூட்டர். அவர் அதைத் தொடவே இல்லை. துண்டுச் சீட்டில் பேனாவால் பில் எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கேட்டால், "கடை சாத்தினப்புறம் ராத்திரி உக்காந்து ஏத்திருவேன் தம்பி. பகல்ல இது தொறக்கறதுக்குள்ள நாலு பேரு போயிடுவாங்க" என்றார். அதற்கு முன் அவரிடம் கறுப்புத் திரையில் ஓடும் பழைய டாஸ் புரோகிராம் இருந்ததாம். நாலு எழுத்துத் தட்டினால் மருந்து வந்து நிற்குமாம்.

நடந்தது இதுதான். சமையல் மேடை நிரம்பிவிட்டால் பாத்திரத்தைப் பரணில் ஏற்றுவோம். வேண்டும்போது ஏணி போட்டு இறக்க வேண்டும். 4 ஜி.பி. மேடையில் பாதியை விண்டோஸ் எடுத்துக்கொண்டது, மிச்சத்தை நாங்களும் வைரஸ் தடுப்பானும் நிரப்பினோம். அந்தக் கம்ப்யூட்டர் நாள் பூராவும் ஹார்ட் டிஸ்க் என்ற பரணுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கடையில் இல்லாத மருந்துகளின் பெயர்களையும் சேர்த்துப் பட்டியல் முழுவதையும் திறந்தவுடனே ஏற்றும்படி எழுதியிருந்தேன். அந்தக் கோடு என் கையால் எழுதியது.

திரும்பி வந்து அதைத் திருத்த ஒரு வாரம்தான் ஆனது. அதற்குப் பிறகு 4 ஜி.பி. மெஷின் ஒன்றை எங்கள் அறையில் வைத்து, அதில் ஓடினால்தான் வெளியே அனுப்புவது என்று வைத்தோம். ஆனால் அந்தப் பெரியவர் ஏழெட்டு மாதம் ராத்திரி உட்கார்ந்து ஏற்றியது ஏற்றியதுதான்.

இப்போது லேபுக்கு வருகிறேன். 40 மெஷினையும் தூக்கிப் போடுவதற்கு முன் பத்தை எனக்குக் கொடுங்கள். ஹார்ட் டிஸ்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி., இன்னொரு 4 ஜி.பி. நினைவகம், லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு. சி, ஜாவா, பைத்தான் லேப் எல்லாம் இதில் நடக்கும். பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிகள் பல வருஷமாக லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் படிக்கின்றன. சிவில், மெக்கானிக்கல் துறைகளுக்கு இது சரிப்படாது, ஆட்டோகேட் லினக்ஸில் ஓடாது; அவர்களுக்குப் புதியது வாங்கித்தான் தீர வேண்டும், அதற்கு என் பங்கையும் தருகிறேன். லினக்ஸும் இளைத்தே இருக்கிறது என்று நினைக்காதீர்கள். உபுண்டு டெஸ்க்டாப்பே 4 ஜி.பி. கேட்க ஆரம்பித்து வருஷங்கள் ஆகின்றன. அதனால்தான் எக்ஸ்.எஃப்.சி.இ. என்றேன்.

பேராசிரியர் ஒருவர் காலையில், "பசங்க கம்பெனிக்குப் போனா விண்டோஸ்தானேப்பா இருக்கும்?" என்று கேட்டார். இருக்கும் சார். ஆனால் அவர்கள் எழுதும் புரோகிராம் போய் இறங்கும் கடைகளில் 4 ஜி.பி. மெஷின்தான் இருக்கும். இந்த லேபில் ஓடுகிற மாதிரி எழுதப் பழகினால் அங்கேயும் ஓடும்.

நாளைக் காலை பத்து மணிக்கு லேபில் இருப்பேன். இரண்டு மெஷினைப் பிரித்து, மாற்றி, ஓட்டிக் காட்டுகிறேன். லேப் அண்ணன் சாவி தருவதாகச் சொல்லியிருக்கிறார், ஸ்க்ரூ டிரைவர் என்னிடம் இருக்கிறது. தம்பி தங்கைகள் கட்டாயம் வாருங்கள். பழைய புரோகிராம் ஏதாவது எழுதி வைத்திருந்தால் கொண்டுவாருங்கள், ஓட்டிப் பார்ப்போம். செருப்பு வாசலிலேயே இருக்கட்டும்.