தோல்வியில் கற்ற இயக்கம்
(இளைஞர்கள், வணிகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



2025 நவம்பர் 4 அன்று நியூயார்க் மாநகர மேயராக ஜொஹ்ரான் மம்தானி தேர்ந்தெடுக்கப்பட்டார். வயது 34. அந்நகரின் முதல் முஸ்லிம் மேயர். 2026 ஜனவரி 1 அன்று திருக்குர்ஆன் மீது கை வைத்துப் பதவிப் பிரமாணம் எடுத்தார். நமக்கெல்லாம் மகிழ்ச்சிதான். ஆனால் 'நம்மவர் ஒருவர் ஜெயித்து விட்டார்' என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் பாடத்தைத் தவற விட்டவர்களாவோம். அங்கே முஸ்லிம்கள் சிறுபான்மையினர். அவர்கள் வாக்கு மட்டும் ஒரு மேயரை உருவாக்கிவிடாது. பின் எது உருவாக்கியது?

அவர் சார்ந்த அமைப்பின் பெயர் அமெரிக்க ஜனநாயக சோசலிஸ்டுகள். 1982இல் தொடங்கிய இந்த அமைப்பு நீண்ட காலம் சிறு குழுவாகவே இருந்தது. உறுப்பினர் சந்தாவில் நடப்பது. யாரை ஆதரிப்பது என்பதை உறுப்பினர்களே வாக்களித்து முடிவு செய்கிறார்கள். எல்லாத் தொகுதியிலும் கால் வைக்காமல், வெல்ல வாய்ப்புள்ள சில இடங்களில் மட்டும் முழு பலத்தையும் இறக்குகிறார்கள்.

அவர்களின் கணக்கேட்டைப் புரட்டிப் பாருங்கள். 2017இல் புரூக்ளினில் மாநகர மன்றத் தேர்தலுக்குப் பாலஸ்தீன வம்சாவளிப் பாதிரியார் காதர் அல் யதீமை ஆதரித்தார்கள்; தோல்வி. அந்தப் பிரச்சாரத்தில் வீடு வீடாக ஏறி இறங்கிய இளைஞர்களில் மம்தானியும் ஒருவர். 2019இல் குவீன்ஸ் மாவட்ட அரசு வழக்குரைஞர் பதவிக்கான போட்டியில் டிஃபனி கபான் ஏறத்தாழ 60 வாக்குகளில் தோற்றார். அறுபது வாக்கு என்றால் ஒரு தெரு, சகோதரர்களே! அந்தத் தெருவின் கதவைத் தட்டாமல் விட்டது யார் என்று கேட்டிருப்பார்கள் அல்லவா? 2020இல் மம்தானி சில நூறு வாக்குகள் வித்தியாசத்தில் மாநிலச் சட்டமன்றம் சென்றார். 2021இல் மாநகர மன்றத்துக்கு ஆறு பேரை ஆதரித்தார்கள், இருவர் வென்றனர். அவர்களில் ஒருவர் அதே கபான்.

வணிகர்களுக்கு இது நன்றாகப் புரியும். கடை திறந்த முதல் வருடமே லாபம் பார்க்க நினைப்பவன் நிலைக்க மாட்டான். நஷ்டக் கணக்கை ஒளிக்காமல் எழுதி வைப்பவன்தான் அடுத்த வருடம் சரக்கு எடுக்கத் தெரிந்தவன்.

இன்னொன்று. அவர்கள் தேர்தல் அறிவித்த பிறகு விழித்தவர்கள் அல்லர். 2021இல் கடனில் மூழ்கிய டாக்சி ஓட்டுநர்கள் 15 நாள் உண்ணாவிரதம் இருந்தபோது மம்தானியும் உடன் பட்டினி கிடந்தார். போராட்டத்தின் பலனாக, கடன் 1,70,000 டாலருக்கு மிகாதபடி மாற்றியமைக்கப்பட்டது. அந்த ஓட்டுநர்களில் பலர் தெற்காசியர்கள். பிறகு 2025 தொடக்கத்தில் தெருவோர ஹலால் உணவு வண்டிக்காரர்களிடம் போய், 'சாப்பாடு ஏன் விலை ஏறியது?' என்று கேட்டார். அரசுக் கட்டணம் சில நூறு டாலர்தான். உரிமங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு இருந்ததால், உரிமம் வைத்திருப்பவருக்கு 20,000 டாலர் வரை கொடுத்து வண்டி ஓட்ட வேண்டிய நிலை. அந்தச் சுமை வாடிக்கையாளர் தட்டில் விழுகிறது என்பதை ஊருக்கே விளக்கினார். சிறு வியாபாரியின் துன்பமும் வாங்குபவனின் துன்பமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்று காட்டியதுதான் அரசியல்.

எதிரணியில் முன்னாள் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ. அவருக்காகச் செல்வந்தர்கள் 2 கோடி டாலருக்கு மேல் இறைத்தனர். இந்தப் பக்கம் பல்லாயிரம் தொண்டர்கள். வாடகை, பேருந்து, குழந்தைப் பராமரிப்பு என்று மூன்று முக்கியக் கோரிக்கைகள். உருதுவிலும் வங்காளத்திலும் அவரவர் மொழியிலேயே பேச்சு. ஜூன் 24 உட்கட்சித் தேர்தலிலேயே குவோமோ வீழ்ந்தார். நவம்பரில் மம்தானிக்குக் கிடைத்தவை 10 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள். 1969க்குப் பிறகு எந்த மேயர் வேட்பாளரும் எட்டாத எண்ணிக்கை.

இளைஞர்களே! கூட்டம் சேர்ப்பது வேறு. வாக்குச் சேர்ப்பது வேறு. கூட்டத்துக்கு ஒரு நல்ல பேச்சாளர் போதும். வாக்குக்கு வேண்டியது தெருவாரியாகப் பட்டியல், தட்டிய கதவின் குறிப்பு, புதியவனுக்குக் கற்றுத் தரும் பழைய தொண்டன். முக்கியமாக, தோற்ற மறுநாளும் அலுவலகத்தைத் திறக்கும் மனிதன். 2017இல் தோற்றவர்கள் வீட்டுக்குப் போயிருந்தால் 2025 வந்திருக்காது. சிந்தியுங்கள்!