செனிகல் நாட்டுச் செலவு
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்து அன்பர் சிலர் வருகின்ற தை மாதத்தில் ஆப்பிரிக்காக் கண்டத்தின் மேற்குக் கரையிலுள்ள செனிகல் நாட்டிற்குச் சென்று வரக் கருதியிருக்கின்றனர் என்றும், அந்நாட்டைக் குறித்து யான் சிறிது பேசவேண்டும் என்றும் செயலாளர் அவர்கள் கட்டளையிட்டார்கள். பழந்தமிழிற் 'செலவு' என்பது பயணத்தைக் குறிக்கும். இக்காலத்திலோ அச்சொல் கைப்பொருள் கரைவதையே குறிக்கின்றது. பின்னதைப் பற்றிப் பொருளாளர் கூறுவார். முன்னதைப் பற்றி மட்டும் யான் கூறுவேன். அந்நாட்டை யான் நேரிற் கண்டவனல்லேன், நூல்வழி அறிந்தவனே. சென்று மீள்வோர் என் உரையிற் பிழை கண்டால் இம்மேடையிலேயே எடுத்துக்காட்டித் திருத்துவாராக.

இப்பயணச் செய்தி சென்ற கூட்டத்திற் படிக்கப்பட்டபோது, "ஆப்பிரிக்காவிற்கா? காடும் பஞ்சமும் அல்லாமல் அங்கு என்ன இருக்கின்றது?" என்று முதியவர் ஒருவர் கேட்டார். அவ்வினாவை யான் இகழ்ந்திலேன். நம்மிற் பலர் மனத்தில் இருப்பதை அவர் வாய்விட்டுக் கூறினார், அவ்வளவே. என் பேச்சு முழுவதும் அவர்க்கு விடையாக அமைவதாகுக.

செனிகல் நாடு பரப்பில் நம் தமிழ்நாட்டைப்போல் ஒன்றரை மடங்கு. மக்களோ 2023ஆம் ஆண்டுக் கணக்குப்படி ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சமே. மேற்கே அட்லாண்டிக்குப் பெருங்கடல். வடக்கே செனிகல் ஆறு எல்லையாக ஓட, அதற்கு அப்பால் மொரித்தேனியா. நாட்டின் வயிற்றைக் கீறினாற்போல் காம்பியா என்னும் சிறு நாடு ஓர் ஆற்றின் இருகரையிலும் நீண்டு கிடக்கின்றது. தலைநகர் டக்கார், கடலுட் புகுந்து நிற்கும் ஒரு நிலமுனையில் உள்ளது. ஆப்பிரிக்கப் பெருநிலத்தின் மேற்குக் கோடி அம்முனையே. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த இந்நாடு 1960ஆம் ஆண்டில் விடுதலை பெற்றது. மக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைவர்க்குக் குறையாதோர் முகம்மதியர். எஞ்சியோருட் பெரும்பாலார் கத்தோலிக்கர். பிரெஞ்சு கல்வி மொழியாய் இருப்பினும், கடைத்தெருவிலும் வீட்டிலும் பெரிதும் வழங்குவது வொலோஃப் மொழியே.

இனி, நமக்கும் அந்நாட்டிற்கும் உள்ள பழந்தொடர்பைச் சொல்லவேண்டும். பள்ளிப் பாடநூல்களில் யான் இதனைக் கண்டதில்லை. புதுச்சேரியைச் சூழ்ந்த ஊர்களில் நம் நெசவாளர் நெய்து, அவுரிச் சாயத்தில் தோய்த்த கருநீலப் பருத்தித் துணி ஒன்று உண்டு. பிரெஞ்சுக்காரர் அதற்குக் 'கினே' என்று பெயரிட்டனர். ஆப்பிரிக்காவின் கினிக் கரைக்கு அனுப்பப்பட்டதனால் அமைந்த பெயர் அது. இத்துணி கப்பலேறிப் பிரான்சு வழியாகச் செனிகல் ஆற்றங்கரைச் சந்தைகளை அடையும். அங்கே பாலைநிலத்து மூர் மக்கள் வேலமரத்துப் பிசினைக் கொண்டு வருவர். ஐரோப்பாவின் அச்சுத்துணித் தொழிலுக்கு அப்பிசின் இன்றியமையாதது. பிசினுக்கு விலை பொன்னும் வெள்ளியும் அன்று. இத்தனை மடி கினேத் துணி என்பதே கணக்கு. ஆகவே நம் கைத்தறித் துணி அவ்வாற்றங்கரையில் நாணயமாகவே வழங்கிற்று. உடுத்தவர் மேனியில் நீலம் ஏறுதலை அம்மக்கள் அழகாகக் கொண்டனர் என்பர். 19ஆம் நூற்றாண்டிற் புதுவையில் எழுந்த நூலாலைகளும் இவ்வணிகத்தை நம்பியே ஓடின.

இதைக் கேட்டு நாம் பெருமை கொள்ளலாம். ஆனால் பாதி உண்மையோடு பெருமை கொள்ளுதல் தகாது. பிசினுக்கு விலையாதற்கு முன்னரும், ஆகிய காலத்திலும், இந்தியத் துணி மனிதர்க்கும் விலையாயிற்று. 18ஆம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் அடிமைகளை வாங்கிய ஐரோப்பிய வணிகர் கொடுத்த பண்டங்களில், சோழமண்டலக் கரையிலும் கூர்ச்சரத்திலும் நெய்த துணிகள் முதன்மையானவை. நெய்தவன் அதனை அறிந்திரான்; தன் கூலி வந்ததா என்பதே அவன் கவலை. எனினும் நூல் நம் ஊர் நூலே. டக்காரிலிருந்து படகில் இருபது நிமிடத்தில் அடையக்கூடிய கோரே என்னும் சிறு தீவிற்கு நீங்கள் செல்லும்போது இதனை நெஞ்சிற் கொண்டு செல்க.

அத்தீவில் வண்டிகள் இல்லை. செம்மண் நிறச் சுவர்களும், பூங்கொடி படர்ந்த சந்துகளுமாக, முதற்பார்வைக்கு நம் புதுவைத் தெருக்களை ஒத்திருக்கும். அங்கே 1776ஆம் ஆண்டை ஒட்டிக் கட்டிய 'அடிமைகளின் வீடு' ஒன்று உளது. கீழே இருண்ட அறைகள். மேலே உரிமையாளர் வாழ்ந்த மாடம். கடலை நோக்கித் திறந்த ஒரு வாயில். அவ்வாயில் வழியே எண்ணற்றோர் கப்பலேற்றப்பட்டனர் என்று அங்குள்ளோர் கூறுவர். அத்தொகை மிகையென்றும், செனிகலில் அடிமை வணிகம் பெரிதும் நடந்தது ஆற்றுமுகத்து நகரமாகிய சேன் லூயியில் என்றும் வரலாற்றறிஞர் பலர் வாதிடுகின்றனர். தொகையிற் பிழை இருக்கலாம். துயரத்திற் பிழை இல்லை. நெல்சன் மண்டேலா 1991ஆம் ஆண்டில் அங்கு வந்தார். அடுத்த ஆண்டு வந்த போப்பாண்டவர் இரண்டாம் யோவான் பவுல், கிறித்தவர் செய்த கொடுமைக்காக மன்னிப்பு வேண்டினார். 1978ஆம் ஆண்டு முதல் அத்தீவு உலக மரபுச் சின்னங்களுள் ஒன்று.

சேன் லூயி, டக்காருக்கு வடக்கே ஏறத்தாழ 260 கிலோமீட்டரில், 1659ஆம் ஆண்டிற் பிரெஞ்சுக்காரர் நிறுவிய நகரம். புதுச்சேரியைக் கண்டவர்க்கு அதன் நேர்கோட்டுத் தெருக்களும் மாடித் தாழ்வாரங்களும் புதியன அல்ல. பாரிசு நகரச் சட்டமன்றத்திற்கு நம் புதுவையும் உறுப்பினரை அனுப்பிற்று. சேன் லூயி, கோரே, டக்கார், ருஃபிஸ்க் ஆகிய நான்கு நகரங்களும் அனுப்பின. அவ்வாறு 1914ஆம் ஆண்டிற் சென்ற முதற் கறுப்பின ஆப்பிரிக்கர் பிளேசு தியாஞ் என்பவர். நீங்கள் இறங்கப்போகும் விமான நிலையம் அவர் பெயரையே தாங்கியுள்ளது. சேன் லூயியின் மீன்பிடி குப்பங்களைக் கடல் அரித்து வருகின்றது. 2003ஆம் ஆண்டில் வெள்ளத்தை வடிக்க மணற்றிட்டில் நான்கு மீட்டர் அகலத்திற்கு ஒரு வாய்க்கால் வெட்டினர். அலை அதனைக் கிலோமீட்டர்க் கணக்கில் அகலப்படுத்தி, ஊர்களை விழுங்கியது. கரையெங்கும் வண்ணம் தீட்டிய நீண்ட படகுகளைக் காண்பீர்கள், கண்ணைக் கவரும். அப்படகுகளிலேயே பிழைப்புத் தேடி ஸ்பெயின் நாட்டுக் கனரித் தீவுகளுக்குப் புறப்பட்டு, நடுக்கடலில் மாண்ட இளைஞர் பலர். படம் பிடிக்குமுன் படகுக்குரியவரை ஒரு சொல் கேட்டுக்கொள்க.

தமிழ் படித்தவனாகிய எனக்கு அந்நாட்டில் மிக வியப்பளிப்பது அதன் பாணர் குலம். வொலோஃப் மொழியில் 'கேவெல்' என்றும் பிரெஞ்சில் 'கிரியோ' என்றும் அவர்களைச் சொல்வர். அரசர் வழிமுறையையும் குடிகளின் வரலாற்றையும் நெஞ்சில் ஏற்றி, அவையிற் பாடிப் பரிசில் பெறுதல் அவர் தொழில். தென்பகுதியிலும் காம்பியாவிலும் மாந்திங்க இனத்துப் பாணர் 'கோரா' என்னும் கருவியை மீட்டுவர். பெரிய சுரைக்குடுக்கையைப் பாதியாகப் பிளந்து, தோல் போர்த்து, 21 நரம்பு கட்டியது அது. நாம் தொலைத்துவிட்ட யாழை அங்கே உயிரோடு கேட்கலாம். உடனே, "இது நம் யாழே" என்று எழுதிவிடாதீர்கள். ஒத்திருப்பது வேறு, ஒன்றாயிருப்பது வேறு.

ஆனால் ஒப்புமை இசையோடு நிற்கவில்லை. அப்பாணரும் கொல்லரும் தோல் தொழிலாளரும் பிறப்பால் வகுக்கப்பட்டவர். 'கேர்' எனப்படும் குடியானவர் அவர் பாட்டை விரும்பிக் கேட்பர், பொன்னையும் துணியையும் அள்ளிக் கொடுப்பர், பெண் கொடார். செரேர் இனத்தார் பாணர் உடலை மண்ணிற் புதைத்தால் விளைச்சல் கெடும் என்று அஞ்சி, ஆனைப்புளி மரத்தின் பொந்திலே வைத்துவிடுவர். நாடு விடுதலை பெற்றபின் அவ்வழக்கம் ஒழிந்தது. சட்டத்தின் முன் இன்று எல்லாரும் சமம். தாய்வழியிற் பாணர் குலத்தவரான யூசு இந்தூர் என்னும் உலகப் புகழ் வாய்ந்த பாடகர் 2012ஆம் ஆண்டில் அமைச்சராகவும் ஆனார். எனினும் திருமணப் பேச்சு எழும்போது, "அவர்கள் என்ன குலம்?" என்ற கேள்வி அங்கே இன்னும் எழுகின்றது.

நம் நாட்டில் நடந்தது என்ன? சங்ககாலத்தில் மன்னன் அருகிருந்த பாணன், பிற்காலத்தில் அரங்கன் கோயிலுட் புகமாட்டாமற் காவிரிக்கரையில் நின்றான். திருப்பாணாழ்வாரை லோகசாரங்க முனிவர் தோளிற் சுமந்து சென்றார் என்று குருபரம்பரை கூறும். சுமக்க வேண்டிய நிலை வந்ததன்றோ! ஒரு குலத்தின் பெயரால் கூடியிருக்கும் நாம் செனிகல் மக்களைப் பார்த்து நகைக்க உரிமையற்றவர். நம் குலத்திற் பிறந்து வேற்றுக் குலத்தில் மணந்த ஒரு பெண்ணின் குடும்பத்தைச் சங்கப் பதிவேட்டினின்றும் நீக்கவேண்டும் என்ற தீர்மானம் இன்னும் நிலுவையில் இருப்பதை உறுப்பினர் அறிவர். யான் அதற்கு எதிராகவே வாக்களிப்பேன். இதனை இங்குச் சொல்லுதல் பொருந்தாது என்போர் பொறுத்தருள்க.

அவர்களிடம் நாம் கற்கத்தக்கதும் ஒன்று உண்டு. சில இனத்தாரும் சில குடிப்பெயரினரும் ஒருவரையொருவர் எவ்வளவு கேலி செய்தாலும் சினம் கொள்ளலாகாது என்பது அங்கே மரபு. இந்தியாய் என்னும் பெயருடையவர் தியோப் என்னும் பெயருடையவரை முதன்முறை சந்தித்தாலும், "நீ என் அடிமை, சோற்றுப் பானையை விடமாட்டாயே!" என்பார். அவரும் அதனையே திருப்பிச் சொல்வார். நம் மாமன் மைத்துனர் கேலி போன்றதே. ஆயின் நாடு முழுவதும் பரந்தது. இனச்சண்டை பெருகாமைக்கு இதுவும் ஒரு காரணம் என்பர். தெற்கே கசமான்சுப் பகுதியில் மட்டும் 1982ஆம் ஆண்டு முதல் பிரிவினைக் கலகம் இருந்து வந்தது. ஆதலின் அங்குச் செல்வோர் உள்ளூராரைக் கேட்டுச் செல்க.

முதற் குடியரசுத் தலைவர் லெயொபோல் செதார் செங்கோர் ஒரு கவிஞர். சிறுபான்மைக் கத்தோலிக்கராகிய அவர், முகம்மதியர் நிறைந்த நாட்டை இருபது ஆண்டு ஆண்டு, 1980ஆம் ஆண்டின் இறுதியில் தாமே பதவி துறந்தார். அவர் பிறந்த ஜோவால் ஊரை அடுத்துக் கிளிஞ்சல் குவிந்தே அமைந்த ஃபதியூத் தீவில் கிறித்தவர்க்கும் முகம்மதியர்க்கும் இடுகாடு ஒன்றே. செங்கோர் திராவிட நாகரிகத்தில் பெருவிருப்பம் கொண்டவர்; 1974ஆம் ஆண்டில் இந்தியாவிற்கு வந்தார். டக்கார்ப் பல்கலைக்கழகத்தில் இந்திய-ஆப்பிரிக்க ஆய்வுக்கு இடம் செய்தார். நம் தமிழறிஞர் க. ப. அறவாணன் அங்குச் சென்று சில ஆண்டுகள் பணியாற்றினார். வொலோஃபும் தமிழும் ஓரினம் என்ற கொள்கையை மொழியியலார் பொதுவாக ஏற்கவில்லை, யானும் ஏற்றிலேன். ஆயினும் ஒரு நாட்டுத் தலைவர் தமிழை நாடி வந்ததை மறத்தல் நன்றியாகாது.

இனி நடைமுறை. கார்த்திகை முதல் மாசி வரை வெயில் தணிந்திருக்கும். ஆனி முதல் புரட்டாசி வரை மழை. பணம் சேஃபா பிராங்கு. ஒரு யூரோவிற்கு 655.957 பிராங்கு என்று நிலையாகக் கட்டப்பட்டது. மஞ்சட்காய்ச்சல் ஊசியைப் புறப்படுவதற்குப் பத்து நாட்களுக்கு முன்னரேனும் கிண்டி கிங் நிலையத்திற் போட்டுக்கொண்டு சான்றிதழைக் கைவசம் வைத்திருக்க வேண்டும். அதனைத் தொலைத்துவிட்டுத் திரும்பினால் நம் அரசாங்கமே உங்களை ஆறு நாள் வரை ஒதுக்கி வைக்கும். மலேரியாவிற்கு மருத்துவரைக் கேட்க. எதைக் கேட்பதற்கு முன்னும் நலம் விசாரித்தல் அங்கே கட்டாயம். "நங்கா தெஃப்?" என்று கேட்பர், "மாங்கி ஃபி ரெக்" என்பது விடை. 'இங்கேதான் இருக்கிறேன்' என்று பொருள். நம் பாட்டிமாரும் அப்படித்தானே சொல்வர்! இடக்கையால் எதையும் கொடாதீர், வாங்காதீர்.

உணவைப் பற்றித் தாய்மார்கள் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் தலையாய உணவு 'செபு ஜென்' என்னும் மீன் சோறு. ஒரே தாம்பாளத்தைச் சுற்றி அனைவரும் அமர்ந்து, தத்தம் எதிரிலுள்ள பங்கை உண்பர். வீட்டுத் தலைவி நல்ல துண்டங்களை விருந்தினர் பக்கம் தள்ளிவிடுவாள். அதற்கு முழு அரிசியைவிட நொய்யரிசியையே விரும்புவர். பிரெஞ்சுக்காரர் தம் இந்தோசீனத்தினின்றும் நொய்யை இறக்கிய பழக்கம். புலால் உண்ணாதார்க்குச் சிறிது இடர்ப்பாடே. காய்கறிக் குழம்பிலும் கருவாடு கிடக்கும். அவர்கள் 'தியாக்ரி' என்று கேட்டு வாங்குக. கம்பை உடைத்து ஆவியில் வேகவைத்துத் தயிரும் சர்க்கரையும் கலந்தது அது. கம்பு முதன்முதற் பயிரானதே மேற்கு ஆப்பிரிக்காவின் பாலைவன ஓரத்தில்தான். அங்கிருந்து ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகட்கு முன் இந்தியாவை அடைந்து, நம் கம்மங்கூழும் ஆயிற்று. ஊறுகாய் மட்டும் இங்கிருந்து எடுத்துச் செல்க. போதுமான அளவு எடுத்துச் சென்றால் பக்கத்து வீட்டாருக்கும் சிறிது கொடுக்கலாம்.